பின் சக்கரத்துக்கு எடை

ஒரே ஒரு நட்டை அரைச் சுற்று தளர்த்தி விடலாமா என்று அண்ணன் கேட்டான். காதோடு காதாகத்தான் கேட்டான். கையில் ஸ்பானர் இருந்தது. லிஃப்டில் தூக்கி நிறுத்தியிருந்த பிக்கப்பின் சொந்தக்காரன் கடை வாசலில் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

வேண்டாம் என்றேன்.

"உனக்குக் கோபமே வராதா?"

கோபம் இருந்ததால்தான் வேண்டாம் என்றேன். நட்டு கழன்றால் விபத்து. அடிபட்டுக் கிடப்பவனைப் பார்த்து எல்லாரும் பாவம் என்பார்கள். அவனை யாரும் பாவம் என்று சொல்வதை என்னால் தாங்க முடியாது. எனக்கு வேண்டியது வேறு. நாலு பேர் முன்னால் அவன் தலை குனிய வேண்டும். அதை நான் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அவனுக்கு இன்னும் மாப்பிள்ளை என்றுதான் பேர். பழக்கதோஷம். எனக்கும் அவனுக்கும் பேசி முடித்து, பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகு, ஒரு காலையில் அண்ணனுக்கு போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பொண்ணு பேசவே மாட்டேங்குது என்பது காரணம். அதில் பொய் இல்லை. போனில் அவன் பேசுவான், நான் 'ம்' என்பேன். நேரில் அவன் பேசுவான், நான் தரையைப் பார்ப்பேன். பிடிக்கவில்லை என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. அதோடு விட்டிருந்தால் கொஞ்ச நாள் அழுதுவிட்டு மறந்திருப்பேன்.

அவன் விடவில்லை. போகிற இடமெல்லாம், "அந்தப் பொண்ணுக்கு வால்யூம் பட்டனே வெக்கல" என்று சொல்லிச் சிரிக்க வைத்தான். சிரிப்பு பரவியது. மருந்துக் கடைக்காரர் நான் வருவதைப் பார்த்துவிட்டு உள்ளே இருந்தவரிடம், "வால்யூம் வந்திருக்கு, என்னன்னு கேளு" என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு வந்த அடுத்த வரன், டீயைக் குடித்து முடிக்கும் முன்பே, பொண்ணுக்குப் பேச்சு நல்லா வரும்தானே என்று அம்மாவிடம் கேட்டது. அம்மா டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

நான் இயற்பியல் படித்தவள். அண்ணனின் டயர் கடையில் அலைன்மென்ட் எந்திரம் என் பொறுப்பு. நாலு சக்கரமும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று திரையில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். அதற்கு யாரோடும் பேச வேண்டியதில்லை.

அந்தக் கடைக்குத்தான் அவன் வண்டியைக் கொண்டுவந்தான். அவன் கேட்ட அளவு டயர் வேறு எங்கும் கிடைக்கவில்லையாம். பழசையெல்லாம் மனசுல வெச்சுக்கக் கூடாது என்று அவனே எங்களுக்கு ஆறுதல் சொன்னான். முன்பெல்லாம் அண்ணனை வாய் நிறைய மச்சான் என்பான். இப்போது ப்ரோ என்றான்.

"மச்சான் ப்ரோ ஆயிட்டாரு. அடுத்த தடவை வந்தா சார் ஆயிடுவாரு," என்று அண்ணி கல்லாவில் இருந்தபடி சொன்னாள். அண்ணிக்கு மெதுவாகப் பேச வராது.

அவனுடைய பிக்கப் ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். எஞ்சினின் சுழற்சி பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் போகும். முன் சக்கரங்கள் சும்மா உருண்டு வரும். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி போல, பின்கதவில் 4x4 என்று பெரிய சிவப்பு எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். கடையில் தனியாக விற்கிற ஸ்டிக்கர்.

"ஒட்டினா முன் சக்கரம் தானா சுத்துமாங்க?" என்று அண்ணி கேட்டாள்.

அவன் சிரித்தான். "அதெல்லாம் ஒரு லுக்குக்கு."

லுக்குக்குத்தான் டயரும். வண்டியோடு வந்த டயரைவிட நாலு விரல் உயரம் கூடுதல், அகலமும் கூடுதல், முதலைத் தோல் மாதிரி ஆழமான வெட்டுகள். எதற்கு என்பதையும் அவனே சொன்னான். அவனுக்கு வேறு இடத்தில் பெண் பேசி முடித்திருந்தது. பெண்ணின் அப்பா கட்டட காண்ட்ராக்டர். ஊருக்கு வெளியே ஒரு குன்றின் மேல் தங்கும் விடுதி கட்டுகிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களை எல்லாம் அழைத்துக் காட்டப் போகிறார். மேலே இன்னும் கரண்ட் இல்லை. இவன் வீட்டுத் தொழில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுவது. டிரெய்லரில் ஜெனரேட்டரைக் கட்டி, தன் வண்டியில் தானே இழுத்துக்கொண்டு மேலே ஏற்றிக் காட்டுவதாக மாமனாரிடம் வாக்குக் கொடுத்திருந்தான். பாதை தார் போடாதது. உதிர்ந்த சரளை.

அவன் சொல்லச் சொல்ல எனக்குள் கணக்கு ஓடியது. சக்கரத்தின் ஆரம் கூடினால் தரையில் விழும் இழுவிசை குறையும். எஞ்சின் அதேதான், கியரும் அதேதான், ஆனால் வண்டி ஏற்கெனவே ஒரு கியர் மேலே போட்டுவிட்டது போல நடந்துகொள்ளும். சமதளத்தில் தெரியாது. மேட்டில் பாரத்தோடு இழுத்தால் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்குள் எண்ணெய் சும்மா சுழன்று சூடாகும். பின்னால் பாரம் ஏற்றும் தட்டு காலியாக இருந்தால் பின் சக்கரங்களை அழுத்த எடை இருக்காது. சரளையில் அவை நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறிக்கும். அந்த முதலைத் தோல் குழியை இன்னும் அழகாகப் பறிக்கும்.

வண்டி நிற்கும், திரும்பும், யாருக்கும் ஆபத்தில்லை. ஏறாது, அவ்வளவுதான்.

"அவர் கேட்டதை அப்படியே மாட்டிக் குடுத்துடு," என்று அண்ணனிடம் சொன்னேன். அண்ணன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஸ்பானரை எடுத்து எல்லா நட்டுகளையும் இறுக்கினான். திருப்பும்போது டயர் உரசாமல் இருக்க, சக்கரக் குழியின் பிளாஸ்டிக் விளிம்பை வெட்டி ஒழுங்கு செய்தான். பிரேக்கைப் பார்த்தான். பெரிய டயரில் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும், ஸ்பீடோமீட்டர் முள்ளும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், மெதுவாகப் போங்கள் என்று அவனிடம் இரண்டு தடவை சொன்னான். உயிர் விஷயத்தில் அண்ணன் யாரையும் ஏமாற்ற மாட்டான். நான் அலைன்மென்ட் பார்த்தேன். அவ்வளவு சுத்தமாக வேறு எந்த வண்டிக்கும் பார்த்ததில்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன், அலைன்மென்ட் பார்த்தவர் வண்டியை ஓட்ட, சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார, தெருவை ஒரு சுற்று சுற்றி வருவோம். என்ன மாறியிருக்கிறது, எதில் கவனம் வேண்டும் என்று ஓட்டுகிறவர் சொல்வார். வழக்கமாக நான் ஓட்டினால் பின் சீட்டில் அண்ணன் உட்கார்ந்து பேசுவான். அன்று வேறு வாடிக்கையாளர் வந்துவிட்டதால் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம்.

நிச்சயத்துக்குப் பிறகுகூட அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. ஸ்டியரிங் கனமாக இருந்தது. வண்டி கிளம்பும்போது சோம்பல் முறிப்பது போல ஒரு தயக்கம் காட்டியது. இதை அவன் கவனிக்கவில்லை. ஜன்னலில் தெரிந்த தன் உயரத்தை ரசித்துக்கொண்டிருந்தான். தெருமுனையில் திரும்பும்போது எனக்கே தெரியாமல் வாய் திறந்தது.

"மேட்டுல போறப்ப பின்னாடி எடை..."

"அட, பேசுது!" என்றான். தொடையில் தட்டிச் சிரித்தான். "நீ சிரமப்படாத. நான் எல்லா வீடியோவும் பார்த்துட்டேன்."

வாயை மூடிக்கொண்டேன். அவன் குறுக்கே விழாமல் இருந்திருந்தால் முழுதும் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருக்க மாட்டேன் என்று நினைக்கத்தான் பிடிக்கிறது. கடை வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் திறந்து டீ குடிப்பதற்குள் அண்ணனுக்கு போன் வந்தது. அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான். பின்னால் நிறையப் பேர் ஒரே நேரத்தில் யோசனை சொல்லும் சத்தம் கேட்டது. பாதி மேட்டில் நின்றுவிட்டதாம். தீய்ந்த வாசனை வருகிறதாம். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறதாம். டிரெய்லர் குறுக்கே திரும்பிப் பாதையை அடைத்துவிட்டதாம். பின்னால் மாமனார் வீட்டுக் கார்கள் எல்லாம் நிற்கின்றனவாம்.

"ப்ரோ, நீங்க மட்டும் வாங்க," என்று கடைசியில் சொன்னான்.

அந்த 'மட்டும்' எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான். அண்ணி ஏற்கெனவே கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். "இதை நேர்ல பாக்காம நான் எதுக்கு உயிரோட இருக்கறது?" என்றாள். கையால் கியர் போடும் கடையின் பழைய வண்டியில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து கிளம்பினோம்.

குன்றின் அடிவாரத்திலேயே கார்கள் வரிசையாக நின்றன. நாங்கள் இறங்கி நடந்தோம். நான் மனதில் போட்டுப் பார்த்த காட்சியைவிட நன்றாக இருந்தது. பிக்கப் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. பின் சக்கரங்கள் இரண்டும் தாமே தோண்டிய குழிகளில் உட்கார்ந்திருந்தன. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்ட பெண்கள், குடை பிடித்த பெரியவர்கள், சக்கரத்தடியில் பலகை வைக்கச் சொல்கிறவர்கள், பலகையைத் தேடுகிறவர்கள். நடுவில் அவன். வெள்ளைச் சட்டை முதுகில் சரளைத் தூசி படிந்து காவியாகியிருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. வெட்கம் என்றுதான் நான் நினைத்தேன்.

அவன் அண்ணனைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தான். அண்ணன் அசையவில்லை. "எனக்கு டயர் மாட்டத்தான் தெரியும். மத்ததெல்லாம் தங்கச்சிகிட்ட கேளுங்க," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

கூட்டம் என் பக்கம் திரும்பியது. இவ்வளவு கண்கள் என் மேல் விழுந்தால் வழக்கமாக எனக்கு உள்ளங்கை வியர்க்கும். அன்றும் வியர்த்தது. துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன்.

அவன் என் அருகில் வந்து, உதடு அசையாமல், என்ன பண்ணலாம் என்றான்.

"கொஞ்சம் சத்தமா கேளுங்க," என்றேன்.

கொஞ்சம் தள்ளி நின்ற அண்ணி இருமுவது போலத் திரும்பிக்கொண்டாள்.

"என்ன பண்ணலாம்?" என்றான். இந்த முறை கடைசிக் கார் வரைக்கும் கேட்டிருக்கும்.

சக்கரங்களுக்குப் பின்னால் பெரிய கற்களை வைக்கச் சொன்னேன். டிரெய்லரைக் கழற்றி ஓரம் தள்ளச் சொன்னேன். அதைப் பிறகு அண்ணன் கியர் வண்டியில் இழுத்துக்கொள்வான். பானெட்டைத் திறந்து, பார்க்கில் போட்டு எஞ்சினை ஓடவிட்டேன். கியர் பெட்டியில் எண்ணெய் ஆறும் வரை ஒன்றும் செய்ய முடியாது என்றேன். பிறகு பேசவில்லை.

அது நல்ல நேரம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. யாராவது வந்து ஆச்சா என்று அவனிடம் கேட்பார்கள். அவன் என்னைப் பார்ப்பான். நான் டேஷ்போர்டின் சிவப்பு விளக்கைப் பார்ப்பேன். பெண்ணுக்குப் பெரியப்பா முறை ஒருவர் பின்கதவு ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்து, "நாலு சக்கரமும் இழுக்கும்னு போட்டிருக்கே, மாப்பிள்ளை. ரெண்டு லீவுல இருக்கா?" என்றார். அந்தச் சிரிப்பு வரிசையின் கடைசி வரை போய்ச் சேர்வதைக் காதால் பின்தொடர்ந்தேன். விளக்கு அணைந்தது. அது அணைந்து வெகுநேரம் கழித்துத்தான் ஆறிவிட்டது என்று சொன்னேன்.

பின் டயர்களில் காற்றைக் கொஞ்சம் இறக்கினேன். சரளையைப் பிடிக்க அது உதவும். பிறகு, பின்னால் எடை வேண்டும் என்றேன். சிமெண்ட் மூட்டைகள் எல்லாம் மேலே கட்டடத்தில் இருப்பதாகக் காண்ட்ராக்டர் சொன்னார்.

"ஆள் ஏறினாலும் போதும். பின் சக்கரத்துக்கு நேர் மேல உட்காரணும். நாலஞ்சு பேர்," என்றேன்.

அவனுடைய சித்தப்பா மகன்கள் மூன்று பேர் ஏறினார்கள். அவன் டிரைவர் கதவில் கை வைத்தான்.

"நீங்களும் பின்னாடி ஏறுங்க. நான் ஓட்டறேன்."

"என் வண்டி," என்றான்.

காண்ட்ராக்டர் பொறுமையான மனிதர். கைக்குட்டையால் பிடரியைத் துடைத்துக்கொண்டு, "ஏறுங்க மாப்பிள்ளை. வெயில் ஏறுதில்ல," என்றார்.

ஏறினான். சக்கரத்துக்கு மேலே, தட்டின் தகரத்தில், முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பெரியப்பா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "நல்ல கனமான மூட்டை. இது ஒண்ணே போதும் போல," என்றார். தலையில் கைக்குட்டை போட்ட பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். யாரோ ஒரு குழந்தை 'மூட்டை மாப்பிள்ளை' என்று ராகம் போட்டது. அந்தப் பேர் வீட்டுக்கு வீடு போகும், கல்யாணம் காட்சி என்று கூடும் இடமெல்லாம் போகும் என்று எனக்குத் தெரியும். பேர் எப்படிப் பரவும் என்பது எனக்குத் தெரியாதா?

நான் சீட்டை முன்னுக்கு இழுத்து உட்கார்ந்தபோது மறுபக்கக் கதவு திறந்தது. கல்யாணப் பெண் ஏறி உட்கார்ந்தாள். நடக்கச் சிரமமாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாள். அவள் காலில் இருந்தது தட்டையான செருப்பு.

கியரை L-இல் போட்டேன். அதில் வண்டி முதல் கியரை விட்டு மேலே போகாது. ஆக்ஸிலேட்டரை மிகக் கொஞ்சமாக அழுத்தினேன். சக்கரங்கள் ஒரு முறை வழுக்கின. பிறகு பிடித்தன. குழியிலிருந்து வண்டி மெல்ல எழுந்தது.

"ஏறாதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அவள் கேட்டாள். கண் பாதையில் இருந்தது.

"தெரியும்."

"அப்பறம் ஏன் அவர்கிட்ட சொல்லல?"

ரியர் வியூ கண்ணாடியில் பார்த்தேன். பின் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவன் முகம் இருந்தது. எங்கள் இரண்டு பேரின் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி தடித்தது. எஞ்சின் சத்தம் வேறு. அவனுக்கு ஒரு சொல்கூடக் கேட்காது.

"எனக்கும் அவருக்கும் கல்யாணம் பேசி நின்னு போச்சு," என்றேன்.

அவள் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "நீங்களா? அந்தப் பொண்ணு பிறவி ஊமைன்னு சொன்னாரே. வீட்ல மறைச்சுட்டாங்க, கடைசி நேரத்துல தெரிஞ்சுதுன்னு சொன்னாரே. எங்கம்மா பாவம்னு கண் கலங்கினாங்க."

போனில் அவன் சொன்ன அந்த 'மட்டும்' எதற்கு என்று இப்போது புரிந்தது. வண்டி ஒரு வளைவில் திரும்பியது.

"நான்தான் அந்த ஊமை," என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து, முடியாமல், முன்னால் குனிந்து சிரித்தாள். எனக்கும் வந்தது. பின்னால் அவன் எழுந்து நிற்கப் பார்த்தான். வண்டி குலுங்க, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல், மறுபடி உட்கார்ந்தான். பிறகு நான் பேசினேன். மருந்துக் கடை, டீ டம்ளர்கள், அம்மா, எல்லாம் சொன்னேன். மேலே போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடக் கூடாது என்று வண்டியை இன்னும் மெதுவாக ஓட்டினேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

கட்டடத்துக்கு முன்னால் நிறுத்தியதும், இறங்குவதற்கு முன் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, நாம என்ன பேசினோம்னு அவர் கேப்பாரு. எதுவும் சொல்லாதீங்க. அவரா எங்கிட்ட உண்மையைச் சொல்றாரான்னு நான் பாக்கணும்."

சரி என்றேன்.

அவன் தட்டிலிருந்து குதித்து ஓடி வந்தான். சட்டையில் கிரீஸ் ஒட்டியிருந்தது. "என்ன பேசிட்டு வந்தீங்க?" என்றான், இரண்டு பேருக்கும் பொதுவாக. அவள் கேட்காதவள் போல அப்பாவை நோக்கி நடந்தாள். நான் சாவியை நீட்டினேன்.

கீழே இறங்கி வரும்போது அண்ணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள். ஊமை என்ற இடத்தில் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அன்றைக்கு அந்த ஒரு நட்டைத் தளர்த்த அண்ணனை நான் விடாதது தப்பு என்று சொன்னாள்.

அதன் பிறகு அவன் கடைக்கு வந்து பழைய அளவு டயரையே திரும்ப மாட்டச் சொன்னான். ப்ரோ என்று கூப்பிடவில்லை. அண்ணன் லிஃப்டில் வண்டியை ஏற்றியதும், அவன் என் எந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பெண் வீட்டில் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்களாம். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்களாம். அவள் போனை எடுக்கிறாளாம், அவன் பேசுவதை எல்லாம் கேட்கிறாளாம், 'ம்' என்று மட்டும் சொல்கிறாளாம். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நன்றாகத் தூங்கவில்லை போல.

"அன்னிக்கு அவகிட்ட என்ன சொன்ன? ஒரு வார்த்தை சொல்லு. நான் சமாளிச்சுக்கறேன்," என்றான். மறுபடி கேட்டான். மூன்றாவது முறை கேட்டபோது குரல் உடைந்திருந்தது.

எனக்குப் பரிதாபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அலைன்மென்ட் திரையைப் பார்த்தேன். சரளையில் அவ்வளவு நேரம் முறுக்கியதில் முன் இடது சக்கரம் கொஞ்சம் வெளிப்பக்கம் போயிருந்தது. அதை மட்டும் அவனிடம் சொன்னேன்.